‘கள்வன்’ என்றொரு சொல்

“நல்லவனைப் பெண்கள் மதிப்பதில்லை, முரடனுக்கே மாலையிடுவர்” என்னும் கூற்று நம்மிடையே நெடுநாளாக உலவி வருகிறது. தேநீர்க் கடையிலோ திருமணப் பந்தலிலோ கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இலக்கியத்தைச் சாட்சிக்கு அழைத்து, மேடையேறி, ஆசிரியர் ஒருவரே அதனை நிலைநாட்டும்போது அவ்வாறு போக இயலாது. அத்தகைய மேடையொன்றில் நடுவராக அமர்ந்திருந்தவன் நான். அன்று நான் கூறிய தீர்ப்புத் தவறு. அதனை எடுத்துரைப்பதற்கே இக்கட்டுரை.

எங்கள் தோட்டப் பள்ளியில் ஆசிரியர் நாளையொட்டிப் பட்டிமன்றம் நடந்தது. ‘பெண்மனம் நாடுவது பண்பையா, முரட்டுத் துணிவையா?’ என்பது தலைப்பு. துணிவே என்று வாதிட்ட இளம் ஆசிரியர் நன்கு படித்தவர், நாவன்மை உடையவர். அவர் குண்டலகேசியைச் சான்று காட்டினார். “கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் கள்வன் என்று அறிந்தே அவனை விரும்பினாள் ஒரு செல்வமகள். ஊரில் நல்ல இளைஞர்களே இல்லையா? இருந்தனர். அவள் கண்ணுக்கு அவர்கள் தெரியவில்லை. காப்பியமே சொல்லிவிட்டது” என்றார். கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. மறுபக்கத்தார் பொதுவாகப் பண்பின் பெருமை பேசினரே தவிர, அந்தச் சான்றைத் தொடவில்லை. சான்றோடு பேசியவர் பக்கம் தீர்ப்பளித்தேன்.

கூட்டம் கலைந்தது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பல ஆண்டுகளாகச் சமைத்துத் தரும் அம்மையார் ஒருவர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்து, “தீர்ப்பு நல்லாத்தான் இருந்துச்சு, ஐயா. அப்ப, நாங்கல்லாம் அடி வாங்கறதுக்கு ஆசப்பட்டுத்தான் கழுத்த நீட்டினோமா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, மெய்யாகவே அறிய விரும்பிக் கேட்டார். எனக்கு விடை கூற வாய் வரவில்லை. வீட்டிற்குச் சென்று, குண்டலகேசியின் கதையை மீண்டும் எடுத்துப் படித்தேன்.

சாட்சியின் வரலாறு

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாக எண்ணப்படும் குண்டலகேசி நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. நாதகுத்தனார் இயற்றிய அப்பௌத்த காப்பியத்தினின்று புறத்திரட்டு என்னும் தொகைநூல் காத்துத் தந்தவை 19 பாடல்களே. அவையும் பெரும்பாலும் நிலையாமை முதலிய அறங்களைப் பேசுவன. கதையைக் கூறுவன அல்ல. கதை நம்மை வந்தடைந்த வழி விந்தையானது. குண்டலகேசியை மறுப்பதற்கு எழுந்த சமண நூல் நீலகேசி. அதற்குச் சமய திவாகர வாமன முனிவர் வரைந்த உரையில் இக்கதை சுருக்கமாக இடம்பெற்றுள்ளது. அந்நூலைப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி 1936இல் பதிப்பித்தார். மறுக்க வந்தவர்களே கதையைக் காத்துத் தந்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

தமிழிற் காப்பியம் எழுவதற்கு முன்பே இக்கதை பாலி மொழியில் வழங்கியது. தேரிகாதைக்கும் தம்மபதத்துக்கும் எழுந்த பாலி உரைகள் இதனை விரிவாகக் கூறும். ஆங்கு அவள் பெயர் பத்தா, தமிழிற் பத்திரை. கள்வனைப் பாலி உரை சத்துகன் என்னும். தமிழ் அவனைக் காளன் என்னும். இரு வழக்குக்கும் பொதுவான கதை இது: செல்வமகள், கொலைக்களத்துக்குச் செல்லும் கள்வனைக் காண்கிறாள், அவனையன்றி வாழேன் என்கிறாள், தந்தை அவனை விடுவித்து மணமுடித்து வைக்கிறார், பின்பொரு நாள் அவன் அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்ல முற்படுகிறான், ‘உம்மை வலம்வந்து வணங்கி இறக்கிறேன்’ என்று சொல்லி, பின்னால் வந்தவள் அவனைத் தள்ளிவிடுகிறாள்.

சாளரத்தில் கண்டது

இளம் ஆசிரியர் கூற்றில் ஓர் உண்மை உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. அவன் கள்வன் என்பதை அறிந்தே அவள் விரும்பினாள். எனினும், ‘நல்லவர்களை விடுத்துக் கள்வனைத் தேர்ந்தாள்’ என்பது கதையில் இருக்கிறதா?

தம்மபத உரை ஒரு செய்தி தருகிறது. பருவம் எய்திய மகளைப் பெற்றோர் ஏழடுக்கு மாளிகையின் மேல்தளத்தில், ஒரே ஒரு பணிப்பெண்ணின் துணையோடு வைத்திருந்தனர். ஆடவர் முகம் காணாதபடி காக்க எண்ணினர். தெருவை நோக்கிய சாளரம் மட்டும் திறந்திருந்தது. ஒருநாள் அத்தெருவில் ஆரவாரம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். கைகள் பிணிக்கப்பட்டு இறக்கப் போகும் ஓர் இளைஞன் கண்ணிற்பட்டான்.

‘தேர்ந்தெடுத்தல்’ என்னும் சொல்லை இவ்விடத்தில் எவ்வாறு ஆளுவது? இரண்டையாவது கண்டவர்க்கே தெரிவு உண்டு. நல்ல இளைஞர்கள் ஊரில் இருந்திருக்கலாம். அவள் சாளரத்தின் கீழே வரவில்லை. வந்திருந்தாலும் அவர்தம் நன்மை ஏழாம் மாடிக்குத் தெரிந்திராது. துணிவும் துயரமும் தொலைவிலிருந்தே தெரியும். பொறுமை, வாய்மை, பிறர் துன்பத்துக்கு இரங்குதல் ஆகியவற்றை அருகிருந்து, நாட்கணக்கிற் பழகித்தான் அறிய முடியும். தெளிவதற்கு முன் தெரிய வேண்டும் என்று வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். அந்த வாய்ப்பை மகளுக்கு அளிக்காதவர்கள் பெற்றோர். ஆகவே இந்நிகழ்ச்சி பெண்மனத்தின் இயல்பைக் காட்டுவதாகாது. பூட்டி வைத்த வீட்டின் விளைவைக் காட்டுவதாகும்.

மணல்வீட்டை மிதித்தவன்

நிற்க. “முரடனிடம் பெண்ணுக்கு ஈர்ப்பே இல்லை என்கிறீரா?” என்று கேட்பர். அப்படிக் கூற மாட்டேன். தமிழிலேயே அதற்கு இனிய சான்று உண்டு. கலித்தொகையின் 51ஆம் பாடலை நம்மில் அறியாதார் இலர். கபிலர் பாடியதாகக் கொள்ளப்படும் குறிஞ்சிக்கலி அது.

தெருவில் அவர்கள் சிறுமியராய் விளையாடிய நாளில் மணல்வீட்டைக் காலால் சிதைத்தவன் ஒருவன். கூந்தலில் சூடிய பூவைப் பறித்தவன். பந்தை எடுத்துக்கொண்டு ஓடியவன். வளர்ந்தபின் ஒருநாள் அவன் அவர்கள் வீட்டு வாயிலில் நின்று தண்ணீர் கேட்கிறான். தாய் சொல்ல, இவள் கொண்டு போகிறாள். அவன் வளையணிந்த முன்கையைப் பற்றுகிறான். இவள் அலறுகிறாள். தாய் பதறி ஓடிவர, ‘தண்ணீர் குடிக்கையில் விக்கினான்’ என்று சொல்லி அவனைக் காத்துவிடுகிறாள். தாய் அவன் முதுகைத் தடவிக் கொடுக்க, அவனோ கடைக்கண்ணால் இவளை நோக்கி நகைக்கிறான். இதனைத் தோழியிடம் சொல்லும்போது இப்பெண் அவனைக் ‘கள்வன்’ என்னும் சொல்லால் குறிக்கிறாள்.

வகுப்பில் இப்பாடலைச் சொல்லும்போது மாணவர்கள் சிரிப்பர். ஒருமுறை எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவர், “பெண்ணின் கையை அவளைக் கேளாமற் பற்றுவதை நாம் இனியதாகச் சொல்லிக் கொடுக்கலாமா, ஐயா?” என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வியே. பாடலுக்குள்ளேயே விடை இருக்கிறது. அவள் அலறுகிறாள், அலறல் கேட்கப்படுகிறது, தாய் வருகிறாள், அவன் அடங்குகிறான். அதன்பின் நடந்ததை என்னவென்று சொல்வது என்பதை முடிவு செய்பவள் அவளே. காட்டிக் கொடுக்கவும் காக்கவும் அவளுக்கு இடம் இருந்தது. அந்த இடம் இல்லையேல் அஃது இனிய பாடல் ஆகாது. இதனையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அவரும் நானும் உடன்பட்டோம்.

ஆகவே பெண் விரும்புவது குறும்பை. குறும்பு வேறு, கொடுமை வேறு. குறும்பன் விளையாட்டில் அவளையும் சேர்த்துக்கொள்கிறான். கொடியவன் அவளைத் தன் விளையாட்டுப் பொருளாக்குகிறான். தொலைவிலிருந்து பார்க்கும்போது இருவரும் ஒரே நிறமாகத் தோன்றுவர் என்பதே இடர்.

ஒரே சொல், இரு செவிகள்

இருவரையும் பிரித்தறிவது எப்படி? தமிழிற் கிடைக்கும் குண்டலகேசிக் கதையே அதற்கு உரைகல் தருகிறது.

பாலி உரைகளில் கள்வன் மனைவியைக் கொல்ல எண்ணுவதற்குக் காரணம் பொருளாசை. மலைத் தெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட கடன் உண்டு என்று பொய் கூறி, அணிகலன் யாவும் பூணச் செய்து, அவளை அழைத்துச் செல்கிறான். தமிழ் வழக்கில் காரணம் வேறு. கணவனும் மனைவியும் மகிழ்ந்திருந்த வேளையில் ஊடல் நேர்கிறது. அவள் விளையாட்டாக, ‘நீ கள்வன் அல்லையோ?’ என்று கூறிவிடுகிறாள். அச்சொல் அவன் நெஞ்சில் தைத்தது. அப்போது அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதனை உள்ளே வைத்து வளர்த்து, நாள் பார்த்து, மலைக்கு அழைத்துச் செல்கிறான்.

இவ்விரு காரணங்களுள் எது ஆழமானது? தமிழ்க் காரணமே என்பது என் கருத்து. அணிகலனுக்காகக் கொல்வது கள்வனின் தொழில், அதில் வியப்பில்லை. ஒரு சொல்லைப் பொறாது கொல்லத் துணிவது கள்வனுக்கே உரிய குணமன்று. களவு செய்தறியாதவனிடத்தும், ஊரார் ‘நல்ல பிள்ளை’ என்று போற்றுபவனிடத்தும் அக்குணம் இருக்கலாம்.

கலித்தொகைப் பெண் நாவில் வந்ததும் அதே சொல். பத்திரையின் நாவில் வந்ததும் அதே சொல். இரண்டும் அன்பின் மிகுதியால் பிறந்தவை. முன்னவன் நகைப்பவன், அவளோடு சேர்ந்து நகைக்கத் தெரிந்தவன். பின்னவன் அதே சொல்லை வசையாகக் கொண்டான். ஊடல் என்பது உரிமையுடையார் செயல். மருதத்திணைப் பாடல்களில் தலைவி, பரத்தையிற் பிரிந்து வந்த தலைவனைக் கடிந்து பேசுகிறாள்; வாயிலை அடைக்கிறாள். அவள் வாயை எவரும் அடைக்கவில்லை. மனைவிக்கு ஊடும் உரிமை உண்டு என்பதை ஒப்புக்கொண்ட மரபு நம்முடையது. அந்த உரிமைச் சொல்லைத் தாங்காதவனே தீயவன். அவன் சிறைக்குச் சென்றவனா, செல்லாதவனா என்பது இரண்டாம் கேள்வி.

தோட்டத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவன் நான். இரவு நேரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர் வழியே வந்த ஓசைகள் இன்றும் காதில் இருக்கின்றன. மறுநாள் காலையில் காரணம் கேட்டால், ‘ஒரு வார்த்தை சொல்லிட்டா’ என்பார்கள். எந்த வீட்டிலும் காரணம் ஒரு வார்த்தைதான். அந்த வீட்டு ஆடவர்களுள் முரடன் என்று பெயரெடுத்தவரும் உண்டு. கோயிற் குழுவில் முன்னிற்பவரும் உண்டு. அவர்கள் மனைவியரோ, பெரும்பாலோர் பெரியவர்கள் பேசி முடித்தபடி கழுத்து நீட்டியவர்கள். முரடனை விரும்பி மணந்தனர் என்று அவர்களைப் பார்த்துச் சொல்ல எனக்கு எப்படி மனம் வந்தது?

பொறுத்தது வேறு, விரும்பியது வேறு

இக்கூற்றுக்குக் கண்ணகியையும் ஆதிரையையும் சான்றாகக் காட்டுவோரும் உளர். மாதவியிடம் சென்ற கோவலனைக் கண்ணகி ஏற்றுக்கொண்டாள். பிறளொருத்திபாற் பொருளிழந்து கடல்கடந்து சென்ற சாதுவனை நினைந்து ஆதிரை தீயிற் புகுந்தாள். ஆகவே தவறு செய்யும் ஆடவனிடமே பெண் அன்பு வைக்கிறாள் என்பர்.

இது பிழையான முடிபு. கண்ணகிக்கும் கோவலனுக்கும் மணம் பேசியவர்கள் பெற்றோர். அவன் பிரிந்து சென்றபின் அவள் பொறுத்திருந்தாள். பொறுத்தல் ஒன்று, விரும்பித் தேர்தல் மற்றொன்று. வேறு வழியில்லாதவர் பொறுமையை விருப்பம் என்று எழுதுவது, பசித்தவன் பழஞ்சோறு உண்டதைக் கண்டு, அவனுக்குப் புதுச்சோறு பிடிக்காது என்று சொல்வதை ஒக்கும். விருப்பத்தையே சான்று கேட்பாருக்குச் சீதை இருக்கிறாள். ஆற்றலும் செல்வமும் அச்சமும் ஒருங்கே கொண்டு எதிரில் நின்ற இராவணனை அவள் துரும்பாக மதித்தாள்.

1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் வெளியிட்ட ‘மந்திரி குமாரி’ படத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குண்டலகேசியின் மலையுச்சி நிகழ்ச்சியைக் கொண்டு மு. கருணாநிதி எழுதிய படம். எஸ். ஏ. நடராஜன் நடித்த பார்த்திபன், இராசகுருவின் மகன், மறைவில் கொள்ளையன். மந்திரியின் மகள் அமுதவல்லி அவனை மணக்கிறாள். அதே படத்தில் இளவரசியோ பார்த்திபனை ஏறெடுத்தும் பாராமல், எம்.ஜி.ஆர். நடித்த நேர்மையுள்ள தளபதியை விரும்புகிறாள். ஒரே கதையில் இரு பெண்கள். இரு வேறு மனங்கள். நாமோ ஒருத்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, ‘பெண்கள்’ என்று பன்மையிற் பேசுகிறோம்!

நல்லவன் யார்?

இன்னொரு பக்கமும் உண்டு. “நான் நல்லவனாக இருந்தேன், என்னை அவள் விரும்பவில்லை” என்று நொந்துகொள்ளும் இளைஞர்களின் துயரம் மெய்யானதே. அதை எள்ளுதல் தகாது. எனினும் அவர்களிடம் ஒன்று கேட்கலாம்: நன்மைக்குக் கூலியாக அன்பு கிடைக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது வாணிகம் அன்றோ? கூலி கிடைக்காதபோது ‘பெண்களே இப்படித்தான்’ என்று பழிப்பவன், ஒரு மறுப்புச் சொல்லைத் தாங்காதவன் ஆகிறான். காளனின் செவி அவனிடமும் முளைக்கத் தொடங்கிவிட்டது.

தீமை செய்யாமை மட்டும் நன்மை ஆகாது. வள்ளுவர் சான்றாண்மை, பண்புடைமை என அடுத்தடுத்து இரு அதிகாரங்கள் வைத்தார். அவற்றில் வரும் சான்றோன் ஓரமாய் ஒதுங்கி நிற்பவன் அல்லன். அன்பு செய்பவன், நாணுபவன், தோற்றவிடத்தும் பெருமை குன்றாதவன். அதற்கு வேண்டிய துணிவு கொள்ளையனின் துணிவினும் பெரிது.

இதில் ஆசிரியர்களாகிய நமக்கும் பங்குண்டு. ஒழுங்காயிருக்கும் மாணவனை ‘நல்ல பையன்’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறோம். குறும்பனைப் பற்றியோ ஆசிரியர் அறையில் அரைமணி நேரம் பேசுகிறோம், சிரிக்கிறோம். நாடகம் போட்டால் வில்லன் வேடத்துக்கே நல்ல வசனம் எழுதுகிறோம். நல்லவன் சுவையற்றவன் என்பதை மாணவர்க்கு முதலிற் கற்பிப்பவர்கள் நாமே. பெண்மனத்தைக் குறைகூறுமுன் நம் எழுத்தையும் பேச்சையும் திருத்திக்கொள்ள வேண்டும்.

நாவற்கிளை

கடைசியாக ஒன்று. அன்று மேடையில் நாங்கள் எல்லோரும் கதையைச் சாளரத்தோடு நிறுத்திவிட்டோம். திரைப்படம் மலையுச்சி வரை சென்றது. பழைய கதை அங்கும் நிற்கவில்லை.

மலையினின்று இறங்கியவள் வீடு திரும்பவில்லை. துறவு பூண்டாள். பறித்த தலைமயிர் சுருண்டு வளர்ந்தமையால் குண்டலகேசி எனப் பெயர் பெற்றாள் என்று பாலி உரை கூறும். கற்றோரிடம் கற்றாள். ஊர்தோறும் சென்று, வாயிலில் மணலைக் குவித்து நாவற்கிளை ஒன்றை நட்டு, வாதுக்கு வருவோரை அழைத்தாள். ஏழாம் மாடிச் சாளரம் ஒன்றே உலகமாயிருந்தவள், நாடெல்லாம் நடந்தாள். இறுதியில் சாரிபுத்தர் வாதுக்கு வந்தார். அவள் கேட்டவற்றுக்கெல்லாம் விடை கூறியபின் அவர் ஒரே ஒரு வினாத் தொடுத்தார். அதற்கு அவளால் விடை சொல்ல இயலவில்லை. பலர் முன்னிலையில் தோற்றாள். சினந்தாளா? இல்லை. ‘எனக்குத் தெரியவில்லை, கற்பியுங்கள்’ என்னும் நிலையில் பணிந்து, பௌத்த அறத்தை ஏற்றாள். விரைந்து மெய்யுணர்ந்த பிக்குணியருள் முதல்வி என்று புத்தரே அவளைச் சிறப்பித்ததாகப் பாலி நூல் கூறும்.

கணவன், அன்பாற் சொன்ன ஒரு சொல்லைப் பொறுக்க மாட்டாமல் கொலைக்குத் துணிந்தான். மனைவி, அவையில் தன்னை வீழ்த்திய சொல்லை ஏற்று உயர்ந்தாள். காப்பியம் நமக்குக் காட்டுவது இந்த வேறுபாட்டை. பெண்ணுக்கு எவனைப் பிடிக்கும் என்று சொல்வதற்கு அது எழுந்ததன்று.

ஆசிரியத் தோழர்களே! இக்கதையை வகுப்பிற் சொல்லும்போது நாவற்கிளை வரை சொல்லுங்கள். ‘முரடாயிரு, விரும்புவார்கள்’ என்று பையன்களும், ‘அடி விழுந்தால் நீ தேடிக்கொண்டது’ என்று பெண்பிள்ளைகளும் நம்மிடமிருந்து கற்றுச் செல்லலாகாது. யாரேனும் விளையாட்டாக ஒரு சொல் சொல்லிவிட்டால் அதனைக் கேட்டுச் சிரிக்கவும், உண்மையாயின் ஏற்கவும் இருபாலாரையும் பழக்குவோம்.

மறுவாரம் பள்ளிச் சபை கூடலில் என் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். இளம் ஆசிரியர் முகம் சற்று வாடியது. ஆனால் எழுந்து நின்று, “நான் கதையின் பாதியைத்தான் படித்திருந்தேன், ஐயா” என்றார். அவர் மீது எனக்கிருந்த மதிப்பு உயர்ந்தது. சிற்றுண்டிச்சாலை அம்மையாரிடமும் சென்று, “நீங்கள் கேட்டதுதான் சரி, நான் சொன்னது தவறு” என்றேன். அவர் தேநீர் ஆற்றிக்கொண்டே, “தப்புன்னு சொல்ற ஆம்பளய இப்பத்தான் ஐயா பாக்கறேன்” என்று சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.